மாசியில இருந்து வைகாசி வரைக்கும் எங்க ஊர் மன்றத்துப் பிள்ளைங்க பண்ண வேலை

எங்க ஊர் வேலூர் மாவட்டத்துல பள்ளிகொண்டாவுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஊர். இளைஞர் மன்றம்னு ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு, பொங்கலுக்கு மைக் செட் கட்டி உறியடி, ஸ்லோ சைக்கிள், மியூசிக்கல் சேர் எல்லாம் வெச்சு ப்ரைஸ் குடுப்பாங்க, பெரிய பேனர் ஒண்ணு கட்டுவாங்க, அதோட அடுத்த பொங்கல் வரைக்கும் ரூமுக்கு பூட்டுதான். மாசி பங்குனி வந்துட்டா பெரிய பசங்க மனசெல்லாம் மாடு விடற திருவிழாவுல போயிடும், எந்த ஊர்ல எந்த தேதி, யார் காளை எத்தனை செகண்ட்ல ஓடுச்சுன்னு அதே பேச்சு. அது எங்க வேலூர், திருப்பத்தூர் பக்கத்து ரத்தத்துலயே இருக்கு, அதை நான் குறை சொல்லல. ஆனா அந்த நாலு மாசமும் ஏழாவது எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு ஊர்ல ஒண்ணுமே கிடையாது, போனு மட்டும்தான். அதுலயும் பொம்பளப் பிள்ளைங்களுக்கு சுத்தமா இல்ல, மன்றம்னாலே அது ஆம்பளைப் பசங்க கேரம் ஆடற இடம்னு வீட்ல நினைக்கிறாங்க.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில தையல் செக்‌ஷன்ல வேலை பாக்கறேன், விடியக்காலை பஸ் ஏறினா சாயந்தரம் இருட்டற நேரத்துக்குதான் வீடு, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் கையில இருக்கும். அந்த ஒரு நாளை வெச்சு பிள்ளைங்களோட என்ன பண்ணலாம்னு மன்றத்து தம்பிங்க ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, அப்படித்தான் இது ஆரம்பிச்சது. வேற ஊர்ல மன்றம் நடத்தறவங்களுக்கு பயன்படும்னு தோணினதால, பிள்ளைங்க கோழி வளத்ததுல இருந்து மத்த வேலைங்க வரைக்கும் நடந்ததை அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல உக்காந்து பேசினப்போ ஆளுக்கொரு ஐடியா. ஒருத்தர் கம்ப்யூட்டர் கிளாஸ்னாரு, ஒருத்தர் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஒருத்தர் நூறு மரக்கன்னு நடலாம்னாரு. மரக்கன்னு விஷயத்துல நான் பிடிவாதமா இருந்தேன். எங்க வேலூர்ல பங்குனி சித்திரைல நூறு டிகிரியை சர்வ சாதாரணமா தாண்டிடும், அந்த வெயில்ல குழி வெட்டி கன்னு வெச்சு போட்டோ எடுத்துட்டு வந்தா பதினஞ்சு நாள்ல குச்சிதான் நிக்கும், அதைப் பாக்கற பிள்ளைங்களுக்கு மரம் வைக்கிறதுன்னாலே வெறும் போட்டோதான்னு மனசுல பதிஞ்சுடும். ஆடிக்கு மேல மழை பாத்து வைக்கலாம், இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.

அப்புறம் கோழி ஐடியா வந்தது. அது எங்க யாரோட ஐடியாவும் இல்ல, கோயில் திண்ணைல உக்காந்து நாங்க பேசறத கேட்டுக்கிட்டிருந்த ஒரு ஆயா சொன்னது, எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்லுவோம். நாங்க பண்ணைல குஞ்சு வாங்கி பிள்ளைங்களுக்கு ஆளுக்கு அஞ்சு குடுக்கலாமான்னு காசு கணக்கு போட்டுக்கிட்டிருந்தோம். ஆயா கேட்டாங்க, "இன்னாத்துக்கும்மா காசு குடுத்து வாங்கறீங்க, வூட்டுக்கு வூடு அடைக்கோழி கீது, வாரத்துக்கு வுடுங்க, புள்ளைங்க பாத்துக்கட்டும்"னு.

வாரத்துக்கு விடறது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச முறை. ஆடு வெச்சிருக்கிறவங்க மேய்க்க ஆள் இல்லைன்னா இன்னொருத்தர்கிட்ட விடுவாங்க, போடற குட்டில பாதி அவங்களுக்கு பாதி இவங்களுக்கு. அதையே கோழிக்கு வெச்சோம். கோழியும் முட்டையும் ஆயாங்களோடது, வளக்கற பாடு பிள்ளைங்களோடது, தப்பிச்சு வளர்ற குஞ்சுல பாதி ஆயாவுக்கு பாதி பிள்ளைக்கு, பிள்ளையோட பங்குல ஒரு வெடைக்கோழி (இன்னும் முட்டை வைக்காத இளம் பொட்டைக்கோழி) மன்றத்துக்கு, அது அடுத்த பிள்ளைக்கு போகும். பத்திரம் எல்லாம் ஒண்ணும் எழுதல, ஆயாவும் பிள்ளையும் கோயில் முன்னாடி நின்னு வாயால ஒத்துக்கிட்டாங்க, அவ்ளோதான். ஒன்பது பிள்ளைங்க சேர்ந்தாங்க, அதுல அஞ்சு பேர் பொண்ணுங்க. பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைங்களை சேக்கல, பரிட்சை நேரம்.

மாசி ஆரம்பத்துலயே ஊருக்குள்ள இருக்கிற பெரிய கோழிங்களுக்கு ஊசி போட்டுட்டோம். வருஷா வருஷம் பிப்ரவரில கால்நடைத் துறையில கோழிக் கழிச்சல்னு கோழிங்களை கூட்டமா சாகடிக்கிற நோய்க்கு தடுப்பூசி முகாம் நடத்துவாங்க, காசு வாங்க மாட்டாங்க. நிறைய ஊர்ல இது தெரியறதே இல்ல, தெரிஞ்சாலும் கோழியைப் பிடிச்சு வைக்காம விட்டுடறாங்க, அவங்க வர்ற நேரத்துல கோழி எல்லாம் வேலிகாத்தான் முள்ளுக்குள்ள மேஞ்சுக்கிட்டிருக்கும். முகாம் காலைல ஒன்பது மணின்னா முன்னாடி நாள் ராத்திரியே கொடாப்புல, அதான் கோழி அடைக்கிற மூங்கில் கூண்டுல போட்டு மூடி வைக்கணும், விடிஞ்சு திறந்து விட்டா அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது. பிள்ளைங்கதான் முந்தின நாள் சாயந்தரம் வீடு வீடா போய் சொன்னாங்க. அந்த மருந்து எல்லாம் நம்ம ராணிப்பேட்டைல 1932ல ஆரம்பிச்ச கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துல தயாராகறதுன்னு டாக்டர் சொன்னப்போ பிள்ளைங்களுக்கு ஒரே ஆச்சரியம், ராணிப்பேட்டைன்னா தோல் ஷாப்பும் கெமிக்கல் கம்பெனியும்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

இந்த மருந்து விஷயத்துலதான் எங்க திட்டமே முடிவாச்சு, அதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். குஞ்சுக்கு ஏழாவது நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு விடணும். அந்த மருந்து புட்டி சின்னதே நூறு குஞ்சுக்கு உண்டானது. ஒரு தடவை கரைச்சுட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சுடணும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. அதனாலதான் வீட்ல எட்டு குஞ்சு வெச்சிருக்கிறவங்க யாரும் அதை வாங்கறதில்ல, எட்டு சொட்டுக்கு நூறு சொட்டு வாங்கி கொட்டறதான்னு விட்டுடறாங்க, கழிச்சல் வந்தா ஒரே வாரத்துல எட்டும் போயிடும். ஒன்பது வீட்டு குஞ்சும் ஒரே நாள்ல பொரிச்சா ஒரே புட்டி போதும். ஊர் சேர்ந்து பண்றதுக்கு இதைவிட என்ன காரணம் வேணும்.

ஆனா கோழி நாம சொல்ற தேதில அடைக்கு உக்காராதே. ஒண்ணு இன்னிக்கு உக்காந்தா இன்னொண்ணு நாலு நாள் கழிச்சு உக்காரும். இதுக்கும் ஆயாங்கதான் வழி சொன்னாங்க, முன்னாடி உக்காந்த கோழிக்கு ரெண்டு பழைய முட்டையை வெச்சு சும்மா உக்கார விடணும், எல்லா கோழியும் அடையில உக்காந்தப்புறம் ஒரே ராத்திரில நல்ல முட்டையை மாத்தி வெச்சுடணும். ராத்திரில வெச்சாதான் கோழி சந்தேகப்படாம ஏத்துக்கும். அதுவரைக்கும் முட்டையை மண்பானைல மணல் போட்டு, கூர் முனை கீழ இருக்கிற மாதிரி நிக்க வெச்சு, பென்சில்ல தேதி எழுதி வெச்சாங்க பிள்ளைங்க. ஒரு வாரத்துக்கு மேல ஆன முட்டையை எடுத்துட்டோம், அதுவும் வெயில் காலத்துல பழைய முட்டை பொரிக்கறது ரொம்ப குறைவு. ஒவ்வொரு கூடையிலயும் ஆயாங்க ஒரு கரித்துண்டு, ஒரு காஞ்ச மிளகா, ஒரு இரும்பு ஆணி வெச்சாங்க, இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கறதுக்காம். எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் இது நிஜமான்னு கேட்டான். எனக்குத் தெரியல, ஆயா கோழி, ஆயா கூடை, அவங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்.

ஏழாவது நாள் ராத்திரி முட்டை பாக்கறதுக்கு எல்லா பிள்ளைங்களும் மன்றத்து ரூம்ல கூடினாங்க. லைட்டை அணைச்சுட்டு செல் போன் டார்ச்சை முட்டையோட அகலமான முனைல வெச்சு கையால பொத்தினா உள்ள இருக்கிறது தெரியும். கரு பிடிச்ச முட்டைல நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி, அதுல இருந்து செக்கச்செவேல்னு நரம்பு அரச இலை நரம்பு மாதிரி பிரிஞ்சு போகும். கொஞ்ச நேரம் கை ஆடாம பிடிச்சா அந்த புள்ளி துடிக்கிறதும் தெரியும். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு, வகுப்புல வாயே திறக்காதுன்னு டீச்சர் சொல்ற பொண்ணு, "அக்கா அடிக்குது அக்கா, இது அடிக்குது"ன்னு கத்திடுச்சு. வெறும் மஞ்சளா தெரிஞ்ச முட்டையை எல்லாம் தனியா எடுத்துட்டோம், கோழியோட சூடு வீணாகக் கூடாது இல்ல. ஒருத்தர் வீட்டு முட்டை பத்துல ஆறு கரு பிடிக்கல, விசாரிச்சா அந்தத் தெருவுல சேவலே இல்ல, போன மாசம் திருவிழாவுக்கு அறுத்துட்டாங்க. பிள்ளைங்களுக்கு பயாலஜி புக்குல ரெண்டு பக்கம் படிச்சாலும் புரியாதது அன்னிக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சது, யாரும் சிரிக்கவும் இல்ல, கூச்சப்படவும் இல்ல.

எல்லாருக்கும் ஒரு நாப்பது பக்க நோட்டு குடுத்திருந்தோம். இதுதான் இந்த நாலு மாசத்துல நாங்க பண்ணதுலயே முக்கியமான வேலைன்னு நான் நினைக்கிறேன். கோழி செத்தாலும் பரவால்ல, நோட்டு எழுதாம விடக் கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன். தேதி, என்ன தீனி, எவ்ளோ செலவு, எத்தனை குஞ்சு இருக்கு, என்ன ஆச்சு. அழகா எழுதணும்னு இல்ல, பேசற மாதிரியே எழுதுங்கன்னு சொல்லிட்டோம். ஒரு பொண்ணோட நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கு: "குஞ்சு 9. நொய் அரை கிலோ, ஆயா குடுத்தாங்க, செலவு இல்ல. காக்கா ஒண்ணு தூக்கினு பூட்ச்சி. குஞ்சு 8. சாயந்தரம் மேல வலை கட்டினேன், பழைய கொசுவலை, செலவு 0. அம்மா திட்டுச்சி." அடுத்த பக்கத்துல, "குஞ்சு 8. காக்கா வந்துச்சி, வலைல உக்காந்துச்சி, பூட்ச்சி." பாருங்க, பிரச்சனை, அதுக்கு பண்ண வேலை, அதோட பலன், எல்லாமே அந்த ரெண்டு பக்கத்துல இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லார் நோட்டையும் சேத்து வெச்சு பாத்தப்போ பிள்ளைங்களே கண்டுபிடிச்சாங்க, குஞ்சு சாகறது பாதிக்கு மேல முதல் பத்து நாள்லதான், அதுவும் நோயில இல்ல, காக்கா, கீரி, பூனை, அப்புறம் தண்ணி சட்டில விழுந்து. அதுக்கப்புறம் எல்லா வீட்லயும் தட்டையான மண் தட்டுக்கு மாத்தினாங்க, நடுவுல கூழாங்கல்லு போட்டாங்க.

தீனிக்கு காசு செலவழிக்க விடல. கம்பெனி தீவனம் நல்லதுதான், ஆனா பிள்ளைங்க கையில ஏது காசு. நொய், கேழ்வரகு, கம்பு, அரிசி களைஞ்ச தண்ணில ஊற வெச்ச தவிடு, முருங்கைக் கீரை. அதோட கரையான். இது தெரியாத ஊர்க்காரங்களுக்காக எழுதறேன்: உடைஞ்ச பழைய பானைல கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலை துண்டு எல்லாம் அடைச்சு தண்ணி தெளிச்சு சாயந்தரம் புத்து பக்கத்துல தரையில கவுத்து வெச்சுடணும், விடியக்காலைல போய் நிமித்தினா பானை முழுக்க கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லைன்னா திரும்ப மண்ணுக்குள்ள போயிடும். குஞ்சுங்க முன்னாடி கொட்டினா ரெண்டு நிமிஷத்துல சுத்தமா காலி. எங்க அப்பா காலத்துல எல்லா வீட்லயும் செஞ்சது, நடுவுல விட்டுப் போச்சு. இப்ப ஒன்பது பிள்ளைங்களுக்கு கை வந்துடுச்சு.

சொட்டு மருந்து போட்ட நாள் ஒரு சின்ன சிக்கல். பக்கத்து டவுன்ல ஒரு மருந்துக் கடைல புட்டியை வெறும் கவர்ல போட்டு குடுத்தாங்க, ஐஸ் கேட்டா "சீக்கிரம் போயிடுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. மன்றத்து தம்பி வாங்காமலே திரும்பிட்டான், அவன் பண்ணது ரொம்ப சரி. நாப்பது டிகிரி வெயில்ல பைக் பெட்டில வந்த மருந்து வெறும் தண்ணிதான், மருந்து போட்டோம்னு நம்பிக்கையா இருந்துட்டு குஞ்சை சாகக் குடுக்கறது அதைவிட கொடுமை. அப்புறம் கால்நடை மருந்தகத்துல சொல்லி வெச்சு, பிளாஸ்க்ல ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்தோம். குஞ்சு எழுபத்திச் சொச்சம் இருந்தது. ஒரு பிள்ளை குஞ்சைப் பிடிக்க, இன்னொண்ணு சொட்டு விட, இன்னொண்ணு நோட்டுல டிக் போட, வேப்ப மர நிழல்ல முக்கால் மணி நேரத்துல முடிஞ்சது. சொட்டு விட்டதும் கண்ணை மூடித் திறக்கற வரைக்கும் குஞ்சை விடக் கூடாது, இல்லைன்னா மருந்து வெளிய வழிஞ்சுடும். நாலாவது வாரம் இன்னொரு தடவை மருந்து, எட்டாவது வாரம் றெக்கை அடியில ஊசி. எட்டாவது வாரத்து ஊசியை மட்டும் டாக்டரே வந்து போட்டுக் குடுத்தாரு.

கோழி ஒரு பக்கம் போகும்போது மன்றத்து பெரிய பசங்க ரத்த தானத்துக்கு ஏற்பாடு பண்ணாங்க. ஏப்ரல் மே மாசத்துல காலேஜ் எல்லாம் லீவு விட்டுடுவாங்க, அங்க நடக்கிற கேம்ப் நின்னுடும், ரத்தம் தட்டுப்பாடு ஆகறது அப்பதான். வேலூர்ல சிஎம்சிக்கு மேற்கு வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்டுன்னு எங்கெங்க இருந்தோ வர்றாங்க, கூட ஒருத்தர் ரெண்டு பேர்தான் இருப்பாங்க, அவங்களால ரத்தத்துக்கு ஆள் எப்படி புடிக்க முடியும். அதனால உள்ளூர்க்காரங்க குடுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

அதுல நடந்தது வேற ஒண்ணு. ஷூ கம்பெனில என்கூட வேலை பாக்கற ஊர்ப் பொண்ணுங்க நாங்க ஒரு கூட்டமா போனோம், 18 வயசு முடிஞ்சிருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும்னு ரூல். விரல்ல குத்திப் பாத்தா பாதிப் பேருக்கு மேல ஹீமோகுளோபின் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு தங்கச்சிக்கு ஒன்பதுதான். தினமும் பத்து மணி நேரம் மெஷின்ல உக்காந்து தைக்கிற பொண்ணு, தலை சுத்துதுன்னு சொன்னா வெயில்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். அதுக்கப்புறம்தான் மன்றத்துல பொண்ணுங்களுக்குன்னு தனியா ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு உக்காந்தோம். அவங்க சொன்னதுல ரெண்டு விஷயம் எங்க எல்லாருக்கும் புதுசு. சாப்ட்ட உடனே டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்கிற இரும்புச் சத்து உடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும். எங்க கம்பெனில மதியம் சாப்பாடு முடிஞ்ச கையோட டீ குடுப்பாங்க, எல்லாரும் குடிப்போம். இன்னொண்ணு, கீரையோ கேழ்வரகோ சாப்பிடறப்போ எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேத்துக்கணும். ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வாரம் ஒரு தடவை குடுக்கிற இரும்புச் சத்து நீல மாத்திரையை நிறைய பேர் வாந்தி வருதுன்னு தூக்கிப் போட்டுடறாங்க, வெறும் வயித்துல போடாம சாப்ட்டு போட்டா அவ்ளோவா வராது. பூச்சி மாத்திரையும் தவறாம போடணும். இப்ப டீயை நாங்க நாலு மணிக்குத் தள்ளிட்டோம். அந்த ஒன்பது இருந்த தங்கச்சி டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கி விடாம சாப்பிடுது, வைகாசில பாத்தப்போ பதினொண்ணைத் தாண்டிடுச்சு. இந்த சீசன்ல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த நம்பர் அதுதான்.

பொண்ணுங்களை மன்றத்துக்கு அனுப்ப வைக்கிறது எப்படின்னு சில பேர் கேப்பாங்க. எங்களுக்கு வேலை செஞ்சது இதுதான்: முட்டை பாத்த அந்த ஒரு ராத்திரியைத் தவிர கூட்டம் ரூமுக்குள்ள வைக்கல, திரௌபதி அம்மன் கோயில் திண்ணைல வெச்சோம், போற வர்ற எல்லாரும் பாக்கலாம். சாயந்தரம் ஆறரைக்கு முடிச்சுடுவோம், வேற ஒரு நாளும் தாண்டினதில்ல. ஏதாவது ஒரு ஆயா கூடவே இருப்பாங்க. ஒரு அப்பா முதல்ல ரொம்ப எதிர்த்தாரு, அவரை சண்டை போட்டு மாத்தல, அவர் பொண்ணோட நோட்டை குடுத்து படிங்கண்ணான்னு சொன்னேன். அவரு வாங்கி முழுக்கப் படிச்சாரு. மறுநாள் கொடாப்புக்கு மூங்கில் வாங்கிட்டு வந்தாரு.

காசு விஷயம் எல்லா மன்றத்தையும் ஒடைக்கறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனா பொங்கல் வசூல் எவ்ளோ, செலவு எவ்ளோன்னு ஒருத்தருக்கும் தெரியாம இருந்தா பேச்சு தானா வரும். நாங்க கோயில் சுவத்துல ஒரு கரும்பலகை மாட்டினோம், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அதை ஒரு பிள்ளை நின்னு சத்தமா படிக்கணும். பெரியவங்க படிக்கக் கூடாது, பிள்ளைங்கதான். பிள்ளை படிக்கறப்போ யாரும் குறுக்க சண்டை போட மாட்டாங்க, சந்தேகம் இருந்தா மெதுவாத்தான் கேப்பாங்க. கரும்பலகை வந்தப்புறம் குடுக்கறவங்களும் அதிகமானாங்க, துபாய்ல இருக்கிற ஒரு அண்ணன் பலகையோட போட்டோவைப் பாத்துட்டு தராசு வாங்கக் காசு அனுப்பினாரு. ஒருத்தர் எல்லா பிள்ளைங்களுக்கும் டீ ஷர்ட் தர்றேன், முதுகுல என் படம் இருக்கணும்னாரு, வேணாங்கண்ணான்னு மரியாதையா சொல்லிட்டோம். அவருக்கு கோவம்தான், இருக்கட்டும், பிள்ளைங்க முதுகு யாருக்கும் போஸ்டர் ஒட்டற சுவரு கிடையாது.

மன்றத்தை இன்னும் பதிவு பண்ணாதவங்க பண்ணிடறது நல்லது. 1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் சேர்ந்தா போதும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதியலாம். பதிவு இருந்தா மன்றத்து பேர்லயே பேங்க் அக்கவுண்ட் திறக்கலாம், ஒரு ஆளோட சொந்த அக்கவுண்ட்ல பொதுக் காசு கிடக்க வேண்டியதில்ல. ஆனா வருஷா வருஷம் கணக்கும் நிர்வாகிங்க பட்டியலும் தாக்கல் பண்ணிட்டே இருக்கணும், பதிஞ்சுட்டு மறந்துட்டா சிக்கல்.

ஏரி வேலையும் கொஞ்சம் நடந்தது, ஆனா அதுல மன்றம் பண்ணது பேப்பர் வேலைதான். எங்க ஏரில வண்டல் படிஞ்சு கிடக்குது, வெயில் காலத்துல தண்ணி வத்தினப்பதான் அள்ள முடியும். 2024ல இருந்து விவசாயிங்க வண்டல் மண் எடுக்க தாலுகா ஆபீஸ்லயே அனுமதி வாங்கலாம்னு ஆக்கிட்டாங்க, நஞ்சைன்னா ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைன்னா 90, மண்ணுக்கு காசு கிடையாது. ஊர்ல முக்கால்வாசி பேருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியல, சிட்டா அடங்கல் எடுக்கத் தெரியல. காலேஜ் படிக்கிற பசங்க லேப்டாப்பை கோயில் திண்ணைல வெச்சு வரிசையா போட்டுக் குடுத்தாங்க. முதல்ல ஏரி யாரோடதுன்னு பாக்கணும், ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயற நிலம், நூறு ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத் துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். இது தெரியாம தப்பான ஆபீஸுக்கு அலையறவங்கதான் ஜாஸ்தி.

சித்திரைக் கடைசில எங்க ஊர்ல பாரதம் நடக்கும், பகல்ல பிரசங்கம், ராத்திரில கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதின்னு ஊரே கூடியிருக்கும். அந்த நேரத்துல பிள்ளைங்களோட வேலையைக் காட்டலாம்னு முடிவு பண்ணோம், தனியா விழா எடுத்தா யாரும் வர மாட்டாங்க, கூட்டம் இருக்கிற இடத்துக்கு நாம போகணும். கோயில் பெரியவங்ககிட்ட கேட்டோம், கூத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மேடை குடுத்தாங்க. ஒன்பது பிள்ளைங்களும் கையில ஒரு குஞ்சோட ஏறி ஆளுக்கு மூணு நிமிஷம் பேசணும். அதுக்கு ஒரு மாசமா பழகினோம், எழுதி மனப்பாடம் பண்ண விடல, நோட்டைப் பாத்து உன் கோழிக்கு என்ன நடந்ததோ அதை சொல்லுன்னு மட்டும் சொன்னோம். எழுதி வெச்ச பேச்சை மறந்தா பிள்ளை நின்னுடும், தனக்கு நடந்ததை யாரும் மறக்க மாட்டாங்க. வகுப்புல பேசாதுன்னு சொன்னேனே, அந்த ஏழாவது படிக்கிற பொண்ணு மேடைல ஏறி மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, முட்டைக்குள்ள நரம்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சு மூணு நிமிஷத்துல நிறுத்தல, காக்கா கதை, கரையான் பானை, புட்டில நூறு சொட்டு எல்லாத்தையும் சொல்லி முடிச்சுது. கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டறவரு பாதி அரிதாரத்தோட வெளிய வந்து நின்னு கேட்டாரு, முடிஞ்சதும் அவருதான் முதல்ல கை தட்டினாரு. கீழ உக்காந்திருந்த ஆம்பளைங்க ரெண்டு மூணு பேர் எழுந்து, அந்த மருந்து எங்க கிடைக்கும், எந்த நாள் போடணும்னு கேள்வி கேட்டாங்க, அதுக்கும் அந்தப் பொண்ணே பதில் சொல்லுச்சு.

ப்ரைஸ்னு ஒருத்தருக்கு மட்டும் குடுக்கல. எத்தனை குஞ்சு வளந்ததுன்னு பாத்து குடுத்தா சேவல் இல்லாத தெருவுல இருக்கிற பிள்ளைக்கு எப்பவும் கிடைக்காது. நோட்டை விடாம எழுதின எல்லாரையும் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைல காவலூர் டெலஸ்கோப் பாக்கக் கூட்டிட்டுப் போனோம், ஒன்பது பேருமே தகுதி. வானம் மூட்டமில்லாம இருந்தா ராத்திரில சின்ன டெலஸ்கோப்ல பாக்க விடறாங்க, அதுக்கு மழைக் காலத்துக்கு முன்னாடியே போயிடறது நல்லது. அங்க இருக்கிற பெரிய டெலஸ்கோப்போட கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு 1977 மார்ச் 10ஆம் தேதி கண்டுபிடிச்சப்போ அந்த ராத்திரி பாத்து பதிவு பண்ண இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. அதைக் கேட்ட எட்டாவது பையன், "அவங்களும் தேதி போட்டு நோட்டு எழுதினாங்களாக்கா?"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

இப்ப வைகாசி. எட்டாவது வாரத்து ஊசியும் முடிஞ்சது. ஆயாங்க பங்கு பிரிச்சாச்சு, சண்டை இல்லாம, ஒரு ஆயா மட்டும் தன் பங்குல ரெண்டை பிள்ளைக்கே விட்டுக் குடுத்துட்டாங்க. மன்றத்துக்கு வர வேண்டிய ஒன்பது வெடைல ஏழு வந்திருக்கு, ரெண்டு பிள்ளைங்களுக்கு தப்பிச்சது எல்லாம் சேவலாப் போச்சு, அதை வித்து காசை கரும்பலகைல ஏத்தியாச்சு. இந்த வெடைங்க முட்டை வைக்க இன்னும் நாலஞ்சு மாசம் ஆகும், அப்ப மழைக் காலம் வந்துடும், அந்த ஈரத்துல குஞ்சு பொரிக்க வைக்க வேணாம்னு பிள்ளைங்களே பேசி முடிவு பண்ணிட்டாங்க, தை பொறந்தப்புறம் அடை வைக்கறதா இருக்கு. புதுசா பன்னெண்டு பிள்ளைங்க பேர் குடுத்திருக்காங்க, பக்கத்து தெருவுல இருந்தும் கேக்கறாங்க. ஏழு வெடையை பன்னெண்டு பேருக்கு எப்படி பிரிக்கறதுன்னு வர்ற ஞாயித்துக்கிழமை உக்காரப் போறோம், பழைய ஒன்பது பேரும் ஆளுக்கொரு புதுப் பிள்ளையை கூட வெச்சுக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு, எல்லாரும் தெருவுல சேவல் இருக்கான்னு இப்பவே எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.